தையல்காரம்மாவின் கை சுற்றளவு

அன்று காலை செவிலிக்குத் தரையில் கால் பாவவில்லை. எண்பத்து நான்கு அட்டைகளும் கைக்கு வந்துவிட்டன. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒன்றையும் யார் வீட்டுக் குழந்தையும் மடித்துக் கப்பல் விடவில்லை. தடுப்பூசி ஆய்வில் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஆறு அடுக்குமாடிக் கட்டடங்கள். முதல் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஆய்வுக்காக இரண்டு அறைகள். ஒன்றில் ஊசி, இன்னொன்றில் காகிதம். காகிதத்துக்குத்தான் பெரிய அறை. மூளைக்காய்ச்சலுக்கு ஒரு புதுத் தடுப்பூசி கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் குழந்தைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பெரியவர்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீரியத்தில் மூன்று வகை: குறைந்தது, நடுத்தரம், அதிகம். யாருக்கு எது போனது என்பது செவிலிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்துக் குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏழு நாளும் மாலையில் காய்ச்சலைப் பார்த்து, வலிக்கு எண் போட்டு, அட்டையில் எழுத வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம். வலிக்கிறது, ஆனால் வேலை ஓடுகிறது என்றால் ஒன்று. வேலைக்கு இடைஞ்சல் என்றால் இரண்டு. ஆளைப் படுக்கப் போட்டுவிட்டால் மூன்று. எந்த வீரியம் யாரை என்ன பாடு படுத்தியது என்று பார்த்துத்தான் குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

பத்து மணிக்கு மருந்து நிறுவனத்திலிருந்து கண்காணிப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர். காகிதங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்பதால் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வு நடக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அதுவும் ஒரு சலுகையாகிவிடுமாம். இரண்டு மணி நேரம் அட்டைகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிஸ்டர், இதையெல்லாம் யார் எழுதினாங்க?"

"அவங்கவங்கதான் சார்."

"எண்பத்து நாலு பேர்ல எழுபத்தொன்பது பேருக்கு ஏழு நாளும் பூஜ்யம். காய்ச்சல் எல்லாருக்கும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. வெறும் உப்புத்தண்ணிய ஊசியில ஏத்திக் குத்தினாக்கூடப் பத்துப் பேருக்குக் கை வலிக்கும். உங்க ஆளுங்க எல்லாம் இரும்பா?"

செவிலிக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது புரிந்துவிட்டது.

"நானே உக்காந்து எழுதினேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கத்தான் செய்றேன். எழுதி மேல அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்டயே கேட்டுடலாம்னு பாத்தேன்" என்றார் அவர். "இப்படியே விட்டா என்ன ஆகும் தெரியுமா? அதிக வீரியத்துக்கும் வலி இல்லைனு கணக்காயிடும். நாளைக்கு அதையே தூக்கிக் குழந்தைங்களுக்குக் கொடுப்பாங்க. ரெண்டு வாரத்துல அடுத்த ஊசி. அதுக்குள்ள என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. இல்லைனா இந்த எண்பத்து நாலு பேரும் ஆய்விலேயே இல்லைனு ஆயிடும். உங்க ரெண்டு ரூமையும் பூட்டிடுவாங்க."

அவர் சாப்பிடப் போன பிறகு செவிலி அட்டைகளை மேசையில் பரப்பினாள். பொய் சொன்ன எழுபத்தொன்பதைப் பார்த்துப் பயனில்லை, உண்மை சொன்ன ஐந்தைப் பார்ப்போம் என்று தோன்றியது. ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் போன மாதம்தான் குடிவந்தவர்கள். மற்ற மூன்று பேருக்கும் தலையில் ஒற்றை முடி கிடையாது. மூன்று வழுக்கைகள்! செவிலி நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனாள்.

கடைக்காரரை அந்தக் கட்டடங்களில் எல்லோரும் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்காகப் பாதி, வாய்க்காக மீதி. அவர் ஒருவரின் கன்னத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். செவிலி வாசலில் நின்ற விதத்தைப் பார்த்ததுமே அவர் கை நின்றுவிட்டது.

"அண்ணே, வலி இருந்தா எழுதாதீங்கன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கத்திரி சோப்புத் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லார்கிட்டயும் சொன்னேன் சிஸ்டர்."

"ஏண்ணே?"

"முதல் வாரம் வீட்டுக்கு வந்தீங்கல்ல? எப்படி இருக்குன்னு கேட்டீங்க. ராத்திரி புரண்டு படுக்க முடியலன்னு சொன்னேன். அப்போ உங்க முகம் போன போக்கைப் பாக்கணுமே! எனக்கே பாவமாப் போச்சு. சும்மா சொன்னேன்னு சொல்லிட்டு பூஜ்யம் போட்டேன். உங்க பொண்ணுக்கு வந்த மாதிரி இன்னொரு குழந்தைக்கு வரக்கூடாதுன்னு இவ்வளவு அலையறீங்க. நாங்க போய் அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு எழுதி, மருந்து ஃபெயில் ஆயிட்டா? அதான், நாற்காலியில உக்காந்தவங்க காதுலயெல்லாம் போட்டு வெச்சேன். லேடீஸ்கிட்ட என் வீட்டுக்காரி சொன்னா."

நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் கண்ணாடியிலேயே தலையாட்டினார். அவரும் பூஜ்யம் போட்டவர்தான்.

செவிலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் மகளின் கதையைச் சொன்னது அவள்தான். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, உயிர் தப்பியது, காது போனது. அதைச் சொன்னபோது யாரும் இருமக்கூட இல்லை. மறுநாளே வரிசையில் வந்து நின்றார்கள். இப்போது யோசித்தால், கத்திரி பேச்சை மாற்றிய அந்த நிமிடமும் ஞாபகம் வந்தது. அவள் விடாமல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

மாலையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்குப் பதினைந்து வயது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், கையால் பேசுவாள். அம்மா கையால் பேசுவது ஈ ஓட்டுவது மாதிரி இருக்கிறது என்று கேலி வேறு செய்வாள். முழுவதையும் கவனித்துவிட்டு, 'எனக்காகவா அத்தனை பேரும் பொய் சொன்னார்கள்?' என்று கேட்டாள். ஆமாம் என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், 'நானே போய் அவர்களிடம் பேசுகிறேன்' என்று கையால் சொன்னாள்.

மூன்றாம் நாள் பணிமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். டாக்டர் வந்திருந்தார். பூதக்கண்ணாடி கடைசி வரிசையில் தன் சொந்தத் தண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்தார். செவிலி முதலில் எழுந்தாள்.

"தப்பு உங்க மேல இல்ல. என் கதையைச் சொல்லி உங்களை இளக வெச்சது நான்தான். வலின்னு சொன்னப்போ முகத்தைத் தொங்கப் போட்டதும் நான்தான். மன்னிச்சிடுங்க."

பிறகு மகள் முன்னால் வந்து நின்றாள். அவள் கையால் பேசப் பேச, செவிலி அதைக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீங்க எல்லாரும் எனக்காக வலியைப் பொறுத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி. இதுக்கு முன்னாடி எனக்காக இத்தனை பேர் சேர்ந்து பொய் சொன்னதே இல்ல." கூடம் சிரித்தது. கத்திரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா இந்த ஊசி எனக்கு இல்ல. எனக்கு..."

செவிலியின் குரல் அங்கே நின்றுவிட்டது. மகள் திரும்பிப் பார்த்து, அம்மாவின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி, அதையே மறுபடி கையால் சொன்னாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"எனக்கு வர வேண்டியது வந்து, எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இதை மூணு வயசுக் குழந்தைங்களுக்குப் போடப் போறாங்க. அதுங்களுக்கு எழுதத் தெரியாது. அதுங்களுக்கும் சேத்து நீங்கதான் எழுதணும்."

முதலில் ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "எனக்கு ரெண்டு நாள் சரியான வலி. ஒத்தக் கையாலதான் வண்டிய வளைச்சேன். பயணிங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒருவருக்குக் குளிர் நடுக்கம், ஒருவருக்குத் தலைவலி. பத்து வருடமாக இருக்கும் முழங்கால் வலியையும் சேர்த்து எழுதிக்கொள்வார்களா என்று ஒருவர் விசாரித்தார். எண்பது பேரின் புகாரையும் ஒரே நேரத்தில் கேட்ட செவிலிக்கு, எல்லோரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

பூதக்கண்ணாடி மட்டும் அசையவில்லை. கூட்டம் கலைந்ததும் செவிலியிடம் வந்தார்.

"உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு வருத்தப்படறேன். அடுத்த ஊசியில இவங்க ஒழுங்கா எழுதுவாங்கன்னு நம்பறேன். ஆனா முதல் ஊசி போனது போனதுதான். மூணு வாரம் கழிச்சு ஞாபகத்துல இருந்து சொல்றதை எடுத்துக்க முடியாது. அன்னன்னைக்கு எழுதி வெச்சது ஏதாவது இருந்தாத்தான் ஆச்சு. யார்கிட்ட இருக்கப் போகுது?"

மறுநாள் தையல்காரம்மா வந்தாள். மூன்றாவது கட்டடத்தில் வீட்டுக்குள்ளேயே தையல் இயந்திரம் போட்டிருப்பவள். கணக்காகப் பேசுகிறவள். முந்தின நாள் கூட்டத்தில் அத்தனை பேர் கத்தியபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது துணிப்பைக்குள்ளிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். ஒருத்தருக்கு ரொம்ப மோசமா ஆயிருந்தா, மருந்தையே நிறுத்திடுவாங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"மூணு நாள் என்னால மெஷின்ல உக்கார முடியல. ரெண்டாவது நாள் காய்ச்சல் நூத்தி மூணு. வீட்டுக்காரர்கிட்டகூட ஜலதோஷம்னு சொல்லிட்டேன்."

"அட்டையில பூஜ்யம் போட்டிருக்கீங்களேம்மா!"

"அட்டை உங்களுது. அதுல பொய் எழுதிட்டேன். இது என் அளவு நோட்டு. இதுல தப்பா எழுத எனக்குக் கை வராது."

நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பள்ளிச் சீருடைக்கும் ஒரு திரைச்சீலைக்கும் நடுவில், அதே உருண்டையான எழுத்தில், 'என் இடது கை சுற்றளவு' என்று எழுதியிருந்தது. கீழே தேதி வாரியாக அளவுகள். ஊசி போட்ட காலையில் பதினொன்றேகால் அங்குலம். மறுநாள் பன்னிரண்டரை. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டே முக்கால். பிறகு பன்னிரண்டு, பதினொன்றரை. ஆறாம் நாள் மறுபடி பதினொன்றேகால். பக்கத்திலேயே காய்ச்சலும் இருந்தது. காய்ச்சலோடு படுத்திருக்கும்போதும் நாடாவை எடுத்துத் தன் கையையே அளந்திருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

"காட்டலாமா வேண்டாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றாள் தையல்காரம்மா. "மருந்துக்கு ஆபத்துன்னா சொல்லுங்க. எடுத்துட்டுப் போயிடறேன். நீங்க சொல்றபடி செய்றேன்."

அறையில் வேறு யாரும் இல்லை. பூதக்கண்ணாடி அடுத்த அறையில் குளிர்பெட்டியின் வெப்பநிலைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலி நோட்டைப் பார்த்தபடி நின்றாள். இந்த ஒரு பக்கத்தால் ஆய்வு நிற்குமா என்று அவளுக்கும் தெரியாது. நின்றாலும் நிற்கலாம். அப்படி ஒரு மருந்து பாதியில் நின்றதை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருடம் அவள் காத்திருந்தது இந்தத் தடுப்பூசிக்காகத்தான். 'அட்டையே போதும்மா, வீட்டுக்குப் போங்க' என்று சொன்னால் காதும் காதும் வைத்தமாதிரி முடிந்துவிடும். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது என்பதை மறைத்துப் பயனில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அப்போது பன்னிரண்டே முக்கால் என்ற எண்ணை அவள் மறுபடி பார்த்தாள். வளர்ந்த ஒரு பெண்ணின் கையை அப்படி வீங்க வைத்தது ஒரு சின்னக் குழந்தையின் கைக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"நிறுத்துவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "வாங்க, ரெண்டு பேரும் சேந்தே போய்க் காட்டுவோம்."

பூதக்கண்ணாடி நோட்டை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் இருந்த துணி அளவுகளின் தேதிகளைச் சரிபார்த்தார். பிறகு, யாருக்காகவும் எழுந்து பழக்கமில்லாத அந்த மனிதர், நாற்காலியை விட்டு எழுந்து தையல்காரம்மாவை உட்காரச் சொன்னார்.

"இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன். இப்படி ஒரு பதிவை நான் பாத்ததில்ல" என்றார்.

ஆனால் டாக்டர் அவளுக்கு இரண்டாவது ஊசி கூடாது என்று சொல்லிவிட்டார். தையல்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் பாதியிலேயே ஃபெயிலா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

ஆய்வு மூன்று வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மூன்று வாரமும் செவிலிக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசி மணி அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. கத்திரியின் கடைக்குள்ளும் பேச்சு செத்துவிட்டது, அது இன்னும் பயங்கரமாக இருந்தது. பிறகு கடிதம் வந்தது. நோட்டைப் பார்த்ததும் இதே ஆய்வு நடந்த மற்ற ஊர்களின் அட்டைகளையும் மறுபடி அலசியிருக்கிறார்கள். கை வீங்கியவர்கள் இங்கொருவரும் அங்கொருவருமாக அகப்பட்டார்கள். பொறுப்பாளர்கள் மூன்றாம் மனிதரை வைத்து அவர்களுடைய குப்பி எண்களுக்கு எந்த வீரியம் என்பதை மட்டும் திறந்து பார்த்தார்கள். எல்லோரும் அதிக வீரிய ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதை அதோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டும் தொடர்ந்தன. ஆய்வின் முடிவில் இன்னொரு கடிதம் வந்தது. நடுத்தர வீரியமே அதே அளவுக்கு நோய் எதிர்ப்பைக் கொடுக்கிறது என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு அதிலும் பாதி போதும் என்று முடிவாயிற்று.

செவிலி இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது கட்டடத்தின் படிகளில் ஓடினாள். தையல்காரம்மா ஒரு காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்போ என் கை வீங்கினது வீண் போகலையா?"

"ஃபெயிலான்னு கேட்டீங்கல்ல? உங்க ஒரு கை பாஸ் பண்ணினதுலதான் அத்தனை குழந்தைங்க கையும் தப்பிச்சுது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

"நன்றியெல்லாம் எதுக்கு? நான் அளவுதானே எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். கண் கலங்கியதில் அந்தக் காலர் கோணலாகப் போயிற்று, பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே இரண்டு அறைகளில் குழந்தைகளுக்கான ஆய்வு தொடங்கியது. முதல் நாள் முதல் ஊசி ஒரு மூன்று வயதுப் பையனுக்கு. ஊர் கூடும் அளவுக்குக் கத்தினான், பிறகு செவிலியின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவன் அம்மா தொலைபேசியில் வந்தாள். வந்தாள் என்பதைவிடப் பாய்ந்தாள் என்று சொல்லலாம்.

"என்ன ஊசிங்க போட்டீங்க? பையன் கையத் தொட விடமாட்டேங்கறான்! சிவந்து போயிருக்கு. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு அத்தனை தடவை சொன்னீங்க!"

செவிலி அப்படிச் சொல்லவே இல்லை. கை வலிக்கலாம் என்று மூன்று தடவை சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். ஆனால் குறுக்கே பேசவில்லை. பத்து நிமிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலத் திட்டு வாங்கினாள். ஒவ்வொரு சொல்லும் காதில் தேனாக விழுந்தது. அந்த அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"காய்ச்சல் இருக்காம்மா?"

"இல்ல."

"விளையாடறானா?"

"விளையாட்டுக்கு என்ன குறைச்சல்? கட்டில்ல இருந்து குதிச்சுக்கிட்டிருக்கான். ஆனா தொட்டா வலிக்குதுங்கறான்ல? அதுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

செவிலி 'ஒன்று' என்று எழுதினாள். வலிக்கிறது, ஆனால் குதிக்கிறான். எழுத்து கலங்கித் தெரிந்தது, பேனாவில் கோளாறு ஒன்றுமில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? திட்டினதுல கோபமா?"

"ஐயோ, இல்லம்மா. நாளைக்கும் வலிச்சா நாளைக்கும் கூப்பிட்டுத் திட்டுங்க. உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி."

இது என்ன மாதிரி ஆஸ்பத்திரி என்று அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் மறுநாளும் கூப்பிட்டாள். கையைத் தொட விடுகிறானாம், வலியே இல்லையாம். நிஜமாகவே இல்லையா என்று செவிலி இரண்டு தடவை விசாரித்தாள். பையனைக் கூப்பிட்டுக் கையை அமுக்கிப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் பூஜ்யம் போட்டாள்.